தம்பி எங்கே?

எட்டாம் வகுப்பில் ஒரு நாள் நன்னெறிப் பாடவேளை. காயின், ஆபேல் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். காயின் நிலத்தில் விளைந்ததைக் காணிக்கையாகக் கொண்டுவந்தான், ஆபேல் மந்தையின் தலையீற்றுகளைக் கொண்டுவந்தான், கடவுள் ஆபேலின் காணிக்கையை ஏற்றார், காயினுடையதை ஏற்கவில்லை என்று சொல்லி நிறுத்தினேன். உடனே பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது.

"டீச்சர், அப்படியானால் சாமிக்கு நெல் பிடிக்காதா? எங்கள் அப்பா அறுவடை முடிந்ததும் முதல் மரக்கால் நெல்லைக் கோயிலுக்குத்தானே கொடுக்கிறார்!"

வகுப்பு முழுவதும் சிரித்தது. ஆனால் கேட்டவள் சிரிக்கவில்லை. ஒரத்தநாட்டைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து வரும் நம் மாணவியரில் பெரும்பாலோர் உழவர் வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்கு இது விளையாட்டுக் கேள்வி அன்று.

அதைத் தொடர்ந்து வேறு கேள்விகளும் வந்தன. "கொலை செய்தவனைக் கடவுள் ஏன் உயிரோடு விட்டார்? மனுநீதிச் சோழன் பெற்ற மகனையே தேர்க்காலில் இட்டானே!" என்றாள் ஒருத்தி. "காயினுக்குப் போட்ட அடையாளம் என்ன? மாட்டுக்குப் போடுவதுபோல் சூடா?" என்றாள் இன்னொருத்தி. மணி அடித்து எல்லாரும் போன பிறகு நான்காவது பெண் என் மேசையருகே வந்து நின்றாள். "எங்கள் அப்பாவும் பெரியப்பாவும் மூன்று வருடமாகப் பேசுவதில்லை, டீச்சர். அவர்களும் காயின்தானா?" என்று மெல்லக் கேட்டாள்.

நான்கு கேள்விகளுக்கும் அன்று நான் சொன்ன விடை எனக்கே நிறைவு தரவில்லை. ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று சிஸ்டர் கேட்டபோது, அந்தக் கடனை இங்கே தீர்க்கலாம் என்று எண்ணினேன்.

கதை இருக்கும் இடம்

இக்கதை விவிலியத்தின் முதல் நூலில், நான்காம் அதிகாரத்தில் உள்ளது. நம் பாட்டிமார் அந்நூலை ஆதியாகமம் என்பார்கள். 1995-ஆம் ஆண்டு வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பில் அது தொடக்க நூல் எனப்படுகிறது. மனிதர் கடவுளுக்கு எதிராகச் செய்த முதல் பாவம் மூன்றாம் அதிகாரத்தில் வருகிறது. மனிதர் மனிதருக்கு எதிராகச் செய்த முதல் பாவம் அதற்கு அடுத்த பக்கத்திலேயே வந்துவிடுகிறது. கடவுளோடு உறவு அறுந்தால் உடன்பிறந்தாரோடு உள்ள உறவும் அறுந்துபோகும் என்பதை நூலாசிரியர் இந்த வரிசையிலேயே உணர்த்திவிடுகிறார்.

பெயர்களுக்கும் பொருள் உண்டு. காயின் என்ற பெயர் எபிரேய மொழியில் 'பெற்றேன்' என்னும் சொல்லோடு ஒலி ஒத்தது. முதல் மகனைப் பெற்ற ஏவாளின் மகிழ்ச்சி அதில் கேட்கிறது. ஆபேல் என்பதற்கு மூச்சு, ஆவி என்று பொருள். குளிர்காலக் காலையில் வாயிலிருந்து வெளிப்பட்டு மறையும் ஆவிபோன்ற வாழ்வு அவனுடையது. கதை முழுவதிலும் அவன் ஒரு சொல்கூடப் பேசுவதில்லை. உயிரோடு இருந்தவரை அவன் குரல் நமக்குக் கேட்கவில்லை. இறந்த பிறகே கேட்கிறது.

நம் பள்ளியில் பயிலும் இஸ்லாமிய மாணவியரும் இக்கதையை அறிவார்கள். இஸ்லாமிய மரபு இவ்விருவரையும் ஹாபீல், காபீல் என்று அழைக்கிறது. திருக்குர்ஆனின் 5-ஆம் அத்தியாயத்தில், தம்பியின் உடலை என்ன செய்வது என்று அறியாமல் நின்றவனுக்கு ஒரு காகம் நிலத்தைக் கீறி வழிகாட்டுகிறது. ஒரு காகத்துக்கு இருக்கும் அறிவுகூடத் தனக்கு இல்லையே என்று அவன் வருந்துகிறான்.

சாமிக்கு நெல் பிடிக்காதா?

முதல் கேள்விக்கு வருவோம். கடவுள் உழவனை வெறுத்து இடையனை விரும்பினார் என்று இக்கதைக்குப் பொருள் கொள்ளக் கூடாது. பிற்காலத்தில் மோசேயின் சட்டமே விளைச்சலின் முதற்பலனைக் காணிக்கையாகக் கொண்டுவரச் சொல்கிறது. இயேசுவும் தம் நினைவாக விட்டுச்சென்றது கோதுமை அப்பமும் திராட்சை இரசமும்தான். இரண்டுமே நிலத்தின் விளைச்சல் அல்லவா?

நம் பகுதியில் உழவரும் இடையரும் பகைவர் அல்லர். அறுவடை முடிந்து வயல் காய்ந்து கிடக்கும் காலத்தில், இராமநாதபுரம் பக்கமிருந்து கீதாரிகள் ஆட்டு மந்தைகளை ஓட்டிக்கொண்டு வருகிறார்கள். நிலத்துக்காரர் அவர்களை அழைத்துத் தம் வயலில் கிடை போடச் சொல்கிறார். இரவெல்லாம் ஆடுகள் அங்கே அடைந்து கிடக்க, அவற்றின் சாணமும் நீரும் நிலத்துக்கு உரமாகின்றன. கீதாரிக்குக் கூலி கிடைக்கிறது, ஆட்டுக்கு மேய்ச்சல் கிடைக்கிறது, நிலத்துக்குச் சத்துக் கிடைக்கிறது. காயினும் ஆபேலும் இப்படி வாழ்ந்திருக்கலாம். அவர்கள் கையில் இருந்த தொழில்கள் ஒன்றுக்கொன்று துணையானவை.

அப்படியானால் வேறுபாடு எங்கே? விவிலியம் காரணத்தை வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஆனால் ஒரு குறிப்பைத் தருகிறது. ஆபேல் தலையீற்றுகளையும் அவற்றில் கொழுத்ததையும் கொண்டுவந்தான் என்கிறது. காயினைப் பற்றிச் சொல்லும்போது நிலத்தின் விளைச்சலில் கொஞ்சம் கொண்டுவந்தான் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. முதலில் விளைந்தது என்றோ, நல்லது என்றோ சொல்லவில்லை. புதிய ஏற்பாட்டில் எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகம், ஆபேலின் காணிக்கையைச் சிறப்பாக்கியது அவனுடைய நம்பிக்கை என்று விளக்குகிறது. கொடுத்த பொருளைப் பார்க்கிலும் கொடுத்த மனத்தையே கடவுள் நோக்கினார் என்பது இதனால் விளங்கும். பதர் நீக்கிய முதல் மரக்கால் நெல்லை மனமுவந்து கொடுக்கும் அந்த மாணவியின் தந்தை, ஆபேலின் பக்கத்தில் நிற்கிறார்.

இதில் இன்னொன்றும் உண்டு. தன் காணிக்கை ஏற்கப்படவில்லை என்று தெரிந்ததும் காயின் தன்னைத் திருத்திக்கொள்ள முயலவில்லை. ஏற்கப்பட்டவன்மீது கோபம் கொண்டான். தேர்வில் மதிப்பெண் குறைந்தால் நாம் பாடத்தைத் திரும்பப் படிக்கிறோமா, அல்லது முதல் மதிப்பெண் எடுத்தவளைக் கண்டு முகத்தைத் திருப்புகிறோமா? காயின் எவ்வளவு அருகில் இருக்கிறான் என்பது அப்போது தெரியும்.

பேச்சு நின்ற இடம்

கொலைக்கு முன் கடவுள் ஆபேலிடம் பேசவில்லை, காயினிடம்தான் பேசினார். ஏன் உன் முகம் வாடியிருக்கிறது என்று கேட்டார். பாவம் ஒரு விலங்குபோல் உன் வாசலில் பதுங்கிப் படுத்திருக்கிறது, அதை நீ அடக்கி ஆளவேண்டும் என்று எச்சரித்தார். அவனால் அடக்க முடியும் என்று நம்பியதால்தானே அவர் அப்படிச் சொன்னார்? தலையெழுத்தினால் அவன் கொலைகாரன் ஆனான் என்று யாரும் சொல்ல முடியாது.

அதன்பின் காயின் தன் தம்பியிடம் ஏதோ சொன்னான் என்று எபிரேய மூலம் தொடங்குகிறது. என்ன சொன்னான் என்பது அதில் இல்லை. வாக்கியம் பாதியில் நிற்கிறது. வயலுக்குப் போவோம் என்று அழைத்ததாகக் கிரேக்க மொழிபெயர்ப்பு முதலிய பழைய மொழிபெயர்ப்புகள் அந்த இடத்தை நிரப்புகின்றன. ஆனால் மூலத்தில் உள்ள அந்த வெற்றிடமே நமக்கு ஒரு பாடம் என்று எனக்குத் தோன்றுகிறது. அண்ணன் தம்பிக்கிடையே பேச்சு நின்றது. பேச்சு நின்ற இடத்தில் கை ஓங்கியது.

நம் மொழியில் 'பங்காளி' என்றொரு சொல் உண்டு. பங்கைப் பகிர்ந்துகொள்பவன் என்பது அதன் பொருள். ஆனால் பங்காளிச் சண்டை, பங்காளிக் காய்ச்சல் என்ற வழக்குகளில்தான் அச்சொல்லை நாம் மிகுதியாகக் கேட்கிறோம். 'தம்பி உடையான் படைக்கு அஞ்சான்' என்று பெருமை பேசுகிற நாமே, ஒரு முழ வரப்புக்காகத் தம்பியின்மேல் வழக்குப் போடுகிறோம். இது நம் நாட்டில் மட்டும் உள்ள குறையும் அன்று. உரோமை நகரை நிறுவிய ரோமுலுஸ் தன்னோடு இரட்டையராகப் பிறந்த ரேமுஸைக் கொன்றதாக ஒரு பழங்கதை உண்டு. புனித அகுஸ்தினார் 'கடவுளின் நகரம்' என்னும் தம் நூலில் அதைக் காயின் கதையோடு ஒப்பிட்டுக் காட்டுகிறார்.

மண் வாய் திறந்தது

கொலை முடிந்தது. பார்த்தவர் யாருமில்லை. அப்போது கடவுள் கேட்ட கேள்வி, உன் தம்பி எங்கே என்பது. ஏன் கொன்றாய் என்று அவர் தொடங்கவில்லை. உண்மையைச் சொல்ல அவனுக்கு ஒரு வாய்ப்பை அளிக்கிறார். காயினோ தனக்குத் தெரியாது என்கிறான். அதோடு விடாமல், அவனைக் காவல் காப்பதா என் வேலை என்று திருப்பிக் கேட்கிறான்.

இந்தச் சிறு பகுதியில், இரண்டாம் வசனத்திலிருந்து பதினோராம் வசனத்துக்குள், சகோதரன் என்னும் சொல் ஏழு முறை வருகிறது. காயின் மறக்க நினைத்த உறவைக் கதை மறக்கவிடுவதில்லை.

ஆபேலின் இரத்தம் மண்ணிலிருந்து தம்மை நோக்கிக் கதறுவதாகக் கடவுள் சொல்கிறார். எபிரேய மொழியில் இரத்தம் என்ற சொல் இங்கே பன்மையில் உள்ளது. ஆபேலின் இரத்தம் மட்டுமன்றி, அவனுக்குப் பிறந்திருக்க வேண்டிய தலைமுறைகளின் இரத்தமும் கதறுகிறது என்று யூத அறிஞர் இதற்கு விளக்கம் தந்தனர். ஓர் உயிரை அழிப்பவன் ஓர் உலகத்தையே அழிக்கிறான் என்பது அவர்கள் கண்ட உண்மை. திருக்குர்ஆனும் இக்கதையை அடுத்து இதே கருத்தைக் கூறுகிறது.

தண்டனையும் மண்ணிலிருந்தே வருகிறது. தம்பியின் இரத்தத்தைக் குடித்த நிலம் இனி உனக்குப் பலன் தராது, நீ நாடோடியாய் அலைவாய் என்பது தீர்ப்பு. இதன் கடுமையை நம்மைப்போல் உணரக்கூடியவர் யார்? கல்லணைக் கால்வாயை நாம் இன்றும் புது ஆறு என்கிறோம். 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணைத் திட்டத்தோடு சேர்த்து வெட்டப்பட்ட அக்கால்வாயில் தண்ணீர் வரும் நாளை எண்ணிக் காத்திருக்கும் ஊர்கள் நம் ஊர்கள். விதைத்தும் முளைக்காத வயல் என்றால் என்ன என்று நம் தந்தையர்க்குத் தெரியும். உழவனுக்கு உயிர்த்தண்டனைக்கு அடுத்த தண்டனை அதுதான்.

கடவுள் ஏன் கொல்லவில்லை?

இரண்டாம் கேள்வி கடினமானது. மனுநீதிச் சோழன் கதை நம் திருவாரூர்க் கதை. அரச குமாரனின் தேரில் அகப்பட்டு ஒரு கன்று இறந்தது. வாயில்லாத தாய்ப்பசு அரண்மனை மணியை அசைத்து நீதி கேட்டது. அரசன் தன் மகனையே தேர்க்காலில் இட்டான். இந்த நிகழ்ச்சியைக் காட்டும் கல்தேரைத் திருவாரூர்க் கோயிலருகே இன்றும் காணலாம். பேச முடியாத பசுவின் மணியோசையும், பேசாத ஆபேலின் இரத்தமும் ஒரே உண்மையைச் சொல்கின்றன. எளியவரின் துயரம் கேட்கப்படாமல் போகாது.

ஆனால் அக்கதையும் சாவோடு முடிவதில்லை. இறைவன் தோன்றிக் கன்றையும் மகனையும் உயிர்ப்பித்ததாகவே புராணம் முடிக்கிறது. நீதி செய்வது அரசன் கடமை. உயிர் கொடுப்பது இறைவன் இயல்பு.

காயினைக் கடவுள் தண்டிக்காமல் விடவில்லை. குற்றம் குற்றமே என்று சொன்னார். நிலத்தையும் வீட்டையும் அவன் இழந்தான். ஆனால் உயிரை எடுக்கவில்லை. திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1995-இல் எழுதிய 'வாழ்வின் நற்செய்தி' என்னும் சுற்றுமடலின் முதல் அதிகாரத்தில் இக்கதையை விரிவாகச் சிந்திக்கிறார். கொலை செய்தவனும் மனிதனுக்குரிய மாண்பை இழப்பதில்லை என்பதே அங்கே அவர் காணும் கருத்து. 2018-இல் திருத்தந்தை பிரான்சிஸ், மரண தண்டனை ஏற்கத்தக்கது அன்று எனத் திருச்சபையின் மறைக்கல்வி நூலில் திருத்தம் செய்தார். காயின் கதையில் விதைத்தது பல நூற்றாண்டுகள் கழித்துக் கதிர் விட்டது எனலாம்.

அந்த அடையாளம்

தண்டனையைக் கேட்ட காயின் அஞ்சுகிறான். தன்னைக் காண்பவர் எவரும் தன்னைக் கொன்றுவிடுவார்களே என்று புலம்புகிறான். அப்போது கடவுள் அவனுக்கு ஓர் அடையாளம் இடுகிறார். அவனைக் கொல்பவன் ஏழு மடங்கு பழிக்கு ஆளாவான் என்றும் அறிவிக்கிறார்.

'இவன் காயின்' என்று காட்டிக்கொடுக்கும் சூடாகவே பலரும் அதை நினைக்கிறார்கள். வகுப்பில் கேட்ட மாணவியும் அப்படித்தான் நினைத்தாள். உண்மையில் அது அவனைப் பாதுகாக்கும் அடையாளம். 'இவனைத் தொடாதே, இவன் கணக்கு என்னிடம் இருக்கிறது' என்று கடவுள் சொல்வதாக அதற்குப் பொருள். அது எத்தகைய அடையாளம் என்று விவிலியம் கூறவில்லை. கூறாததைக் கூறியதாக்கி, கறுப்பு நிறமே அந்த அடையாளம் என்று சொல்லி, அமெரிக்காவில் கறுப்பின மக்களை அடிமைப்படுத்தியதை நியாயப்படுத்தினவர்களும் உண்டு. இரக்கத்தின் அடையாளத்தை இகழ்ச்சியின் அடையாளமாக்கிய பெருங்குற்றம் அது. நிறத்தைச் சொல்லித் தோழியைக் கேலி செய்யும் பெண்கள் இதை நினைத்துப் பார்க்கட்டும்.

பழிவாங்குதலுக்குக் கடவுள் இட்ட அணையை மனிதர் விரைவில் உடைத்தனர். காயினின் வழிவந்த லாமேக்கு, தன்னைக் காயப்படுத்தியவனைக் கொன்றுவிட்டதாகவும், தனக்காக எழுபத்தேழு மடங்கு பழிவாங்கப்படும் என்றும் தன் மனைவியரிடம் பெருமை பேசுகிறான். எத்தனை முறை மன்னிக்கலாம் என்று பேதுரு கேட்டபோது இயேசு சொன்ன எழுபது தடவை ஏழுமுறை என்ற கணக்கு, லாமேக்கின் இந்தப் பழிக்கணக்கை அழித்து எழுதிய கணக்கு.

நம் மண்ணில் கேட்ட குரல்

இரத்தம் மண்ணிலிருந்து கதறும் என்பது வெறும் உவமை அன்று என்பதற்கு நம் காவிரிச் சமவெளியிலேயே சான்று உண்டு. அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கிழக்கே, இன்று நாகப்பட்டினம் மாவட்டத்தில் உள்ள சிற்றூர் கீழ்வெண்மணி. அங்கே வயலில் உழைத்த ஒடுக்கப்பட்ட மக்கள் நெற்கூலியைச் சற்று உயர்த்தித் தரும்படி கேட்டனர். நிலக்கிழாருக்கும் தொழிலாளருக்கும் இடையே பகை முற்றியது. 1968-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் இரவு, உயிருக்கு அஞ்சி ஒரு குடிசைக்குள் புகுந்த 44 பேர் அக்குடிசையோடு எரித்துக் கொல்லப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கிறிஸ்து பிறந்த நாளின் இரவில் அது நடந்தது.

கொன்றவரும் இறந்தவரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் அல்லர்தான். ஆனால் ஒரே வாய்க்கால் தண்ணீர் பாய்ந்த வயலின் சோற்றை உண்டவர்கள். நட்டவர் ஒருவர், அறுத்துச் சேர்த்துக்கொண்டவர் ஒருவர். உன் தம்பி எங்கே என்ற கேள்வி அங்கே பொருந்தாதா?

வழக்கு நடந்தது. கீழ் நீதிமன்றம் தண்டனை அளித்தது. உயர்நீதிமன்றம் நிலக்கிழாரை விடுதலை செய்தது. 1980-ஆம் ஆண்டில் அந்த நிலக்கிழார் பழிக்குப் பழியாக வெட்டிக் கொல்லப்பட்டார். நீதி கிடைக்காத இடத்தில் லாமேக்கின் குரல் எழுந்துவிடுகிறது. ஆனால் அந்தக் கொலையினால் இறந்த 44 பேரில் ஒருவரும் எழுந்து வரவில்லை. இருந்தவர்க்கு ஒரு குழி நிலமும் அதனால் கிடைக்கவில்லை.

வேறொரு வழியும் அங்கே திறந்தது. 1926-இல் ஓர் எளிய குடும்பத்தில் பிறந்த கிருஷ்ணம்மாள் என்னும் காந்தியத் தொண்டர், தம் கணவர் ஜெகந்நாதனோடு கீழ்வெண்மணிக் கொடுமைக்குப் பின் இப்பகுதிக்கு வந்து தங்கினார். எரிந்த குடிசைகளின் மக்களோடு வாழ்ந்தார். இந்த நெருப்புக்குக் காரணம் நிலமில்லாமையே என்று கண்டார். 1981-இல் இருவரும் 'லாப்டி' எனப்படும் நில உரிமை இயக்கத்தைத் தொடங்கினர். நிலக்கிழாரோடு பேசி, வங்கிக் கடன் பெற்று, நிலத்தை விலைக்கு வாங்கி, ஆயிரக்கணக்கான ஏழைக் குடும்பங்களுக்குப் பகிர்ந்தளித்தனர். அந்நிலங்களைப் பெண்களின் பெயரிலேயே பதிவு செய்ய வழிசெய்தனர். அதற்காகக் கிருஷ்ணம்மாளுக்கு 2008-இல் உலக அளவில் மதிக்கப்படும் 'ரைட் லைவ்லிஹூட்' விருதும், 2020-இல் பத்மபூஷண் விருதும் அறிவிக்கப்பட்டன. காயினுக்கு மண் பலன் தர மறுத்தது. பகிர்ந்துகொண்டவர்க்கு அதே மண் மீண்டும் கதிர் கொடுத்தது. அவனைக் காப்பதா என் வேலை என்ற கேள்விக்கு, ஆம் என்று ஒரு பெண் தன் வாழ்நாளையே விடையாக அளித்தார்.

ஏவாளை நினைத்தீர்களா?

இக்கதையில் நாம் மறந்துவிடும் ஒருத்தி உண்டு. ஒரே நாளில் ஒரு மகனைச் சாவுக்கும் ஒரு மகனை அலைச்சலுக்கும் பறிகொடுத்த தாய் அவள். விவிலியம் அவளுடைய அழுகையை எழுதவில்லை. பின்னர்ச் சேத்து பிறந்தபோது, ஆபேலுக்கு ஈடாகக் கடவுள் இவனைத் தந்தார் என்று அவள் சொல்வதை மட்டும் குறிக்கிறது. அந்தச் சொல்லில் அவள் இறந்த பிள்ளையை மறக்கவில்லை என்பது தெரிகிறது.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். 'அக்காவைப் பார், எப்படிப் படிக்கிறாள்! நீயும் இருக்கிறாயே' என்று நாம் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறோம். ஆனால் அச்சொல் பிள்ளையின் மனத்தின் வாசலில் ஒரு விலங்கைக் கொண்டுவந்து படுக்க வைக்கிறது. மகனுக்கு ஒரு தட்டும் மகளுக்கு ஒரு தட்டும் வைக்கும் வீட்டிலும் அதுவே நடக்கிறது. வாடிய முகத்தைக் கண்டதும், ஏன் வாடியிருக்கிறாய் என்று கேட்டாரே, அந்தக் கேள்வியைக் கடவுளிடமிருந்து பெற்றோரும் ஆசிரியரும் கற்றுக்கொள்ளலாம்.

அதே நூலில் விடை

தொடக்க நூல் உடன்பிறந்தாரின் பகையை இந்த ஒரு கதையோடு விட்டுவிடவில்லை. ஏசாவும் யாக்கோபும் பிரிந்து, பல ஆண்டுகளுக்குப் பின் கட்டித் தழுவி அழுகிறார்கள். யோசேப்பை அண்ணன்மார் விற்றுவிடுகிறார்கள். பஞ்ச காலத்தில் தானியம் தேடி எகிப்துக்குப் போகும் அவர்கள், அங்கே ஆளுநனாய் இருப்பவன் தம் தம்பி என்று அறியாமல் நிற்கிறார்கள். இளையவன் பென்யமின் அடிமையாகப் பிடிபடும் நிலை வருகிறது. அப்போது யூதா முன்வந்து, தம்பியை விட்டுவிடுங்கள், அவனுக்குப் பதிலாக நான் அடிமையாயிருக்கிறேன் என்று மன்றாடுகிறான். முன்பு யோசேப்பை விற்றுவிடலாம் என்று யோசனை சொன்னவனும் இதே யூதாதான். காயின் தட்டிக் கழித்த கேள்விக்கு நாற்பது அதிகாரங்கள் கழித்து யூதா விடை சொல்கிறான். இந்த யூதாவின் வழிமரபில்தான் இயேசு பிறந்தார்.

திருப்பலியின் முதலாம் நற்கருணை மன்றாட்டில் ஆபேலின் காணிக்கை இன்றும் நினைவுகூரப்படுகிறது. எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகமோ, இயேசுவின் இரத்தம் ஆபேலின் இரத்தத்தைவிடச் சிறந்த முறையில் பேசுகிறது என்கிறது. ஆபேலின் இரத்தம் நீதி கேட்டது. இயேசுவின் இரத்தம் மன்னிப்பும் கேட்டது.

மேசையருகே நின்ற மாணவிக்கு

உன் கேள்விக்கு வருகிறேன், மகளே. உனக்கு என் வீட்டுக் கதையையே சொல்கிறேன்.

என் தந்தைக்கும் சித்தப்பாவுக்கும் ஒரு வரப்பினால் பேச்சு நின்றது. முறைத்தண்ணீர்த் தகராறு ஒன்றில் மண்வெட்டிகூட ஓங்கப்பட்டது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஒரே வீட்டை நடுச்சுவர் வைத்துப் பிரித்தார்கள். அப்பாயி எங்களோடு இருந்தார். ஒவ்வொரு நாளும் அப்பா வயலிலிருந்து வந்து சாப்பிட உட்காரும்போது, இலையில் சோற்றை வைத்துவிட்டு, "தம்பி சாப்பிட்டானாடா?" என்று கேட்பார். அப்பா, "எனக்கென்ன தெரியும்?" என்பார். மறுநாளும் அதே கேள்வி, அதே பதில். அப்பாயி ஒரு நாளும் கோபித்ததில்லை, ஒரு நாளும் கேட்காமல் விட்டதுமில்லை.

ஓர் ஆண்டு தண்ணீர் பிந்தி வந்தது. முதல் முறை எங்களுடையது. விடியற்காலையில் மண்வெட்டியோடு போன அப்பா, எங்கள் மடையைத் திறக்காமல், காய்ந்துகொண்டிருந்த சித்தப்பாவின் நாற்றங்காலுக்கு மடையை வெட்டிவிட்டு வந்தார். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அன்று மதியம் அப்பாயி வழக்கம்போல் கேட்டபோது, "சாப்பிட்டிருப்பான்" என்றார். மறுநாள் சித்தி வீட்டிலிருந்து ஒரு தூக்குவாளியில் மோர் வந்தது.

உன் அப்பாவும் பெரியப்பாவும் காயின்கள் அல்லர். காயினின் வாசலில் படுத்திருந்த அந்த விலங்கு அவர்கள் வாசலிலும் படுத்திருக்கிறது, அவ்வளவுதான். அதை அவர்களால் அடக்க முடியும். நீ சிறுமி, உன்னால் வரப்பை அளந்து தீர்ப்புச் சொல்ல இயலாது. ஆனால் என் அப்பாயி கேட்டதை நீயும் கேட்கலாம். சாப்பாட்டு வேளையில், "பெரியப்பா சாப்பிட்டாரா, அப்பா?" என்று கேள். பதில் வராவிட்டாலும் மறுநாளும் கேள். கடவுள் காயினிடம் கேட்டதும் ஏறக்குறைய இந்தக் கேள்விதானே!

நம் ஊரில், வழிப்போக்கர்க்கு உணவும் தங்குமிடமும் தர இரண்டாம் சரபோஜி மன்னர் கட்டுவித்த முத்தம்மாள் சத்திரம் இருக்கிறது. வீடில்லாமல் அலைபவன் யாராயிருந்தாலும் அவன் பசியைக் கேட்டறிவது இந்த ஊரின் பழைய வழக்கம். அந்த ஊரில் படிக்கும் நாம், நடுச்சுவருக்கு அப்பால் இருப்பவரின் பசியையும் கேட்டறிய வேண்டாமா?